செம்புப் பின் அடித்த கடைசி நான்கு பக்கங்கள்

யாராவது என்னைப் பார்த்து “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன், இந்தத் தகவல் இவருக்கு எதற்கு என்று ஒரு நிமிடம் யோசிப்பவன் நான். வியாதி என்று சொல்லிவிடாதீர்கள். இது தொழில். செங்கல்பட்டுப் பக்கம் ரப்பர் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடமாக நான் ஸ்டோர் கீப்பர். சீட்டு இல்லாமல் ஒரு வாஷர்கூட என் கம்பிக் கதவைத் தாண்டியதில்லை. மேனேஜரே வந்து ஒரு நட்டு கேட்டாலும் “சீட்டு எங்க சார்?” என்பேன். (இதனால்தான் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை என்று என் மனைவி கலா சொல்கிறாள். இதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்பது இன்னும் தெரியவில்லை.)

இப்படிப்பட்டவன் காமிக்ஸ் வரைந்தால் அது என்ன கதையாக இருக்கும்? திருட்டுக் கதைதான். முட்டுக்காடு பக்கம் ஒரு மீனவர் குப்பம். படகு மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. இன்ஸ்பெக்டர் ராஜதுரை வருகிறார். குப்பத்தில் எல்லார் மேலும் சந்தேகம். பெயர் ‘ஏழாவது மோட்டார்’. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து ஆறு வருடம் வரைந்தேன். கலா காப்பி கொண்டுவந்தால் பக்கத்தைக் கவிழ்த்து வைப்பேன். அவள் போனபின் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்த்துவேன்.

“வூட்ல ஒரு மனுசி கீறாளே, அவளாண்ட காட்டலாம்னு தோணவே இல்ல இல்ல?” என்று ஒருநாள் கேட்டாள்.

“கதை வெளிய போயிடும்.”

“நான் யாராண்ட சொல்லப் போறேன்?”

“உங்க அம்மாகிட்ட.”

அவள் அம்மா அச்சரப்பாக்கத்தில் இருக்கிறார். கண் ஆபரேஷன் ஆனவர். காமிக்ஸ் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. இருந்தாலும் சந்தேகம் சந்தேகம்தான்.

அப்போதுதான் மாமல்லபுரத்தில் ஒரு சின்ன காமிக்ஸ் கண்காட்சி நடக்கப்போவதாக வாட்ஸப்பில் செய்தி வந்தது. பெரிய கம்பெனிகள் கிடையாது. தாங்களே வரைந்து தாங்களே அச்சடித்தவர்கள் ஆளுக்கொரு மேசை போட்டு விற்கலாம். மாலையில் நடுவர்கள் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதை ஒரு பதிப்பகம் தன் செலவில் அழகாக அச்சிட்டுத் தமிழ்நாடு முழுக்கக் கடைகளுக்கு அனுப்பும். ஆறு வருட வேலை ஐயா. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. அடுத்த நிமிடமே, இவ்வளவு நல்லது ஏன் செய்கிறார்கள் என்ற கேள்வியும் வந்துவிட்டது.

ஏற்பாடு செய்த முரளி என்ற பையனுக்குப் போன் போட்டேன்.

“நடுவர்களுக்கு ஒரு காப்பி குடுக்கணும் சார்,” என்றான்.

“நடுவருங்க எத்தனை பேர்? எந்த ரூம்ல வெச்சுப் படிப்பாங்க? அந்த ரூமுக்குச் சாவி யார்கிட்ட?”

“சார், நீங்க வர்றீங்களா, இல்லியா?” என்றான்.

வருகிறேன் என்றேன். ஆனால் ஏற்பாடோடு வருவதென்று முடிவு செய்தேன். திருடன் யார் என்பது கடைசி நான்கு பக்கங்களில்தான் வரும். நூறு பிரதிகளிலும் அந்த நான்கு பக்கங்களைப் பழுப்புத் தாளில் மடித்து மூடி, ஓரத்தில் மூன்று ஸ்டேப்ளர் பின் அடித்தேன். சாதாரண வெள்ளைப் பின் இல்லை, செம்பு நிறப் பின். (வெள்ளைப் பின் எவனிடமும் இருக்கும். பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தால் கண்டுபிடிக்க முடியாது. செம்புப் பின்னுக்கு எங்கே போவான்?) பழுப்புத் தாள் மேல் ‘அனுமதியின்றிப் பிரிக்கக் கூடாது’ என்று ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கையெழுத்தும் போட்டேன். காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பிரித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் புரட்டிப் பார்க்க ஒரே ஒரு பிரதி. அதில் ஓட்டை போட்டு சைக்கிள் செயினால் மேசைக்காலோடு பூட்டுவதாகத் திட்டம். அதைத் தொட வேண்டும் என்றாலும் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். பெயர், ஊர், வந்த நேரம், நோக்கம், போன நேரம், கையொப்பம். கட்டம் எல்லாம் ஸ்கேல் வைத்து நானே போட்டேன். அன்றைக்கு அது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கலாவின் தம்பி ஏழுமலை தன்னுடைய லோடு வண்டியில் என்னையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டான். அவன் என்னைப் போல் இல்லை. வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஆரம்பித்தான்.

“மாமா, திருடன் யாரு? எனக்கு மட்டும் சொல்லு மாமா.”

“புத்தகத்தப் படிச்சுத் தெரிஞ்சுக்கோ மச்சான்.”

“படிக்கலாம்னாதான் பின்னு அடிச்சி வெச்சிகீறியே! ஆறு வருசமா கேட்டுக்கினு கீறேன். எவனாச்சும் ஒரு படகு ஓனரு தானே?”

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கண்காட்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் முந்தைய நாள் கல்யாணத்தின் அலங்காரத்தை இன்னும் கழற்றவில்லை. மணமகன் மணமகள் பெயர்கள் தெர்மக்கோலில் தொங்கிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில்தான் மாலையில் நடுவர்கள் உட்காரப் போகிறார்கள் என்றான் முரளி. கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து எல்லார் புத்தகங்களையும் புரட்டிக்கொண்டிருந்தது. என் புத்தகத்தை மட்டும் அதனால் முழுதாகப் புரட்ட முடியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பக்கத்து மேசை ஜெனிஃபர் என்ற பெண்ணுடையது. செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. லீவு நாட்களில் வரைகிறவள். சின்னச் சின்னப் புத்தகங்களை விரித்துப் போட்டு, பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்திருந்தாள். வேண்டியவர்கள் காசைப் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகலாமாம். எனக்கு மயக்கமே வந்தது. வந்தவுடன் ஒரு புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

“மாத்திக்கலாமாண்ணா? நம்ம ஆளுங்க எல்லாம் கடைசில ஒருத்தர் புக்க ஒருத்தர் மாத்திப்பாங்க. நான் இப்பவே குடுத்திடறேன்.”

இலவசமாகக் கொடுத்து என் கதையைக் கறக்கப் பார்க்கிறாள் என்று புரிந்தது. “பார்க்கலாம்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, “சரிண்ணா. பாத்ரூம் போய்ட்டு வந்திடறேன், மேசைய கொஞ்சம் பாத்துக்குங்க” என்று போனாள்.

பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் நான்தான். அவள் திரும்பி வந்ததும் ரிப்போர்ட் கொடுத்தேன். “நாலு பேர் வந்தாங்க. புத்தகத்தத் தொட்டாங்க. யாரு, எந்த ஊருன்னு கேட்டேன். எல்லாரும் போயிட்டாங்க.”

“அனுப்பிட்டீங்களா?”

“ஒண்ணுகூடக் காணாமப் போகல,” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் தன் மேசையை என் பொறுப்பில் விடவில்லை. இன்னொரு வேலை ஆரம்பித்தாள். என்னை ஒரு பார்வை பார்ப்பாள், குனிந்து நோட்டில் ஏதோ வரைவாள். மறுபடி பார்ப்பாள், வரைவாள். என் புத்தகத்தைக் காப்பி அடிக்கிறாள் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. புத்தகம் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து இரண்டு மேசைக்கும் நடுவே மதில் எழுப்பினேன். அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டு, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து வரைந்தாள்.

மதியம் வரை நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மேசையை யார் பார்ப்பது? எழவேண்டிய அவசியம் வராமலிருக்கத் தண்ணீரும் குடிக்கவில்லை. ஏழுமலை வாங்கி வந்த எலுமிச்சைச் சாதத்தை, இடது கையைப் புத்தகக் கட்டின் மேல் ஊன்றிக்கொண்டு சாப்பிட்டேன். வந்தவர்கள் செயினைப் பார்த்தார்கள், ரெஜிஸ்டரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் மட்டும் எழுதினான். நோக்கம் என்ற கட்டத்தில் ‘சும்மா’ என்று போட்டான். சும்மா யாராவது வருவார்களா? அவன் போகும்வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புத்தகமும் விற்கவில்லை.

நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு அம்மா வந்தார். சத்தம் போடாமல் ரெஜிஸ்டரை இழுத்துப் பெயர் எழுதினார். திலகவதி.

“நோக்கத்துல என்ன எழுதணும்?”

“உண்மையை எழுதுங்கம்மா.”

கொஞ்சம் யோசித்து ‘தெரியவில்லை’ என்று எழுதினார். அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்தேன். செயின் நீளம் போதாமல் குனிந்தபடியே முக்கால்வாசிப் புத்தகத்தைப் படித்தார். பழுப்புத் தாளை விரலால் தடவினார். என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். சந்தேகத்துக்குரிய சிரிப்பு.

நடுவர்களுக்கான பிரதியை வாங்க முரளி வந்தபோது அவனிடம் கொடுக்க மறுத்துவிட்டேன். “எங்க ஆள் கொண்டுவந்து குடுப்பான். ரசீது குடுங்க,” என்றேன். மாடிப்படி ஏறினால் நடுவர்களின் அறை. போய்வர ஐந்து நிமிடம். பிரதியோடு அனுப்பிய ஏழுமலை முக்கால் மணி நேரம் கழித்து வந்தான்.

“எங்கடா போன?”

“பஜ்ஜி சாப்ட்டேன் மாமா.”

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். வீட்டில் துக்கம் நடந்தவனைப் பார்ப்பதுபோல் இருந்தது. “இன்னா மாமா நீ...” என்று பெருமூச்சு விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு திருடன் யார் என்று அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஸ்டோர் கீப்பர் என்ற முறையில் அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் ஜெனிஃபரைக் கண்காணிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

மாலையில் எல்லாரும் மேடை முன் கூடினோம். (சங்கிலிப் பிரதியைப் பூட்டிலிருந்து விடுவித்து மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.) வெல்வெட் நாற்காலியில், தெர்மக்கோல் மணமகள் பெயருக்கு நேர் கீழே, அந்த நரைத்த தலை அம்மா உட்கார்ந்திருந்தார். தலைமை நடுவரே அவர்தானாம். மைக்கைப் பிடித்தார்.

“நாங்க தேர்ந்தெடுத்த புத்தகம் ‘ஏழாவது மோட்டார்’.”

ஏழுமலை என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அந்த அம்மா பேசிக்கொண்டே போனார். இது புத்தகம் மட்டும் இல்லையாம். அந்தச் சங்கிலி, அந்த ரெஜிஸ்டர், அந்த மனிதர் யாரையும் நம்பாமல் உட்கார்ந்திருக்கும் விதம், எல்லாமே கதையின் தொடர்ச்சியாம். “அந்த மேசைக்குப் போனதும் நானே சந்தேகப்படற ஆளா மாறிட்டேன். என் நோக்கம் என்னன்னு எனக்கே தெரியல. எல்லாத்துக்கும் மேல, பதிலைப் பூட்டி வெச்சிருக்காரு பாருங்க, அந்தத் தைரியம்! பிரிச்சா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும். நாங்க மூணு பேரும் பிரிக்கல. திருடன் யாருன்னு அரை மணி நேரம் சண்டை போட்டோம்.”

மண்டபமே கைதட்டியது. என் வாழ்நாளில் எனக்காக ஒரு கூட்டம் கைதட்டியது அன்றைக்கு மட்டும்தான். அந்த நிமிடத்தில் மேடையேறி, கும்பிட்டு, வாயை மூடிக்கொண்டு இறங்கியிருந்தால், இன்றைக்கு என் புத்தகம் கடைகளில் இருந்திருக்கும்.

மேடையேறினேன். அந்த அம்மா என் பிரதியை என் கையில் கொடுத்தார். பழக்கதோஷம். முதலில் பின்னைப் பார்த்தேன்.

வெள்ளைப் பின். மூன்றும் வெள்ளை.

“இத யாரோ பிரிச்சிருக்காங்க,” என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் வாசல்வரை கேட்டது.

“என்ன சொல்றீங்க?”

“நான் அடிச்சது செம்புப் பின்னு. இது வெள்ளை. பிரிச்சுப் படிச்சிட்டு, படிக்கலன்னு சொல்றீங்க. எதுக்கும்மா? கதைய யாருக்குக் குடுக்கப் போறீங்க?”

கைதட்டல் அப்படியே நின்றுபோனது. அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இன்றும் நினைத்தால் எனக்குக் கூசுகிறது. அவர் வயதுக்கும், என் புத்தகத்தைக் குனிந்து நின்று படித்த அந்த மரியாதைக்கும் நான் கொடுத்த பதில் அது.

கூட்டத்திலிருந்து ஏழுமலை எழுந்தான்.

“மாமா! அந்தம்மாவ இன்னாத்துக்குக் கேக்குற? நான்தான் பிரிச்சேன்.”

“நீயா?”

“மாடிப்படில குந்திக்கினு பிரிச்சேன். கீழ ஆபீஸ் ரூம்ல பின்னு வாங்கி அடிச்சேன். ஆறு வருசமா கேட்டுக்கினு கீறேனே, மனசு கேக்கல.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனுக்கும் அரை நாளாக அடக்கி வைத்த ஆற்றாமை. “ஆனா இன்னா மாமா நீ, அவ்ளோ சூப்பரா வரைஞ்சிட்டு, கடசில போய் இன்ஸ்பெக்டரோட ரெட்டைப் பொறப்புதான் திருடன்னு வெச்சிகீறியே? அதுவும் அஞ்சு வயசுல திருவிழால தொலஞ்சி போனவன்!”

முதல் வரிசையில் யாரோ களுக் என்றார்கள். அவ்வளவுதான், மண்டபம் வெடித்தது. கும்பல் கும்பலாகச் சிரித்தார்கள். முரளி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“உண்மையாவா?” என்று திலகவதி அம்மா மெதுவாகக் கேட்டார்.

“ரெண்டு பேர் கையிலயும் ஒரே மாதிரி பச்சை குத்தியிருக்கும்மா,” என்றேன். அது நிலைமையைச் சரிசெய்யும் என்று எப்படித்தான் நினைத்தேனோ!

அந்த அம்மா பெரிய மனசுக்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, மைக்கை மூடி என்னிடம் சொன்னார். “பரவாயில்ல. அந்த நாலு பக்கத்தை எடுத்துட்டு, பழுப்புத் தாளோட நிறுத்திடலாம். அப்படின்னா இன்னிக்கும் எங்க தேர்வு இதுதான். சம்மதமா?”

கடவுள் எனக்குக் கொடுத்த இரண்டாவது வாய்ப்பு அது. நான் அவரைக் கூர்ந்து பார்த்தேன்.

“எடுத்த நாலு பக்கத்த இன்னா பண்ணுவீங்க?”

அதற்குள் மைக்கை மூடிய அவர் கை நழுவிவிட்டிருந்தது. இதுவும் மைக்கில் கேட்டது. இரண்டாவது முறை சிரித்த சிரிப்பில் தெர்மக்கோல் மணமகனின் முதல் எழுத்து கழன்று விழுந்தது. திலகவதி அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதோ சொன்னார். ஐந்து நிமிடத்தில் ஜெனிஃபரை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

கூட்டம் கலைந்தபின் மேசைக்குப் போய் அட்டை மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆறு வருடம் ஒருவரும் திருடிவிடக் கூடாது என்று காத்தேன். ஒருவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. வேண்டும் என்று கேட்ட அந்த ஒருவரையும் மேடையில் வைத்துத் திருடியாக்கிவிட்டேன். அப்புறம் அவர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். “ரெஜிஸ்டர்ல நான் போன நேரம் எழுதல, எழுதிக்கோங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெனிஃபர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “அண்ணா, இப்பவாச்சும் மாத்திக்கலாமா?”

செம்புப் பின் அடித்த ஒரு பிரதியைக் கொடுத்தேன். அன்று என் கையை விட்டுப் போன ஒரே புத்தகம் அதுதான். அவளுடையதை வாங்கிக்கொண்டேன். அவள் நோட்டில் என்ன வரைந்தாள் என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அடுத்த வருடம் கூரியரில் ஒரு பார்சல் வந்தது. (யார் அனுப்பியது, எடை என்ன என்றெல்லாம் கூரியர்காரரைக் கேட்டது தனிக்கதை.) உள்ளே ஜெனிஃபரின் புதுப் புத்தகம். ‘பக்கத்து மேசை அண்ணன்’. அட்டையில் சைக்கிள் செயினைப் பிடித்துக்கொண்டு நான். என் மூக்கு, என் முறைப்பு, ஒரு கையில் எலுமிச்சைச் சாதம். அன்றைக்கு முழுவதும் கதையைக் காவல் காத்தேன். என் மூஞ்சிக்கு ஒரு பின் அடிக்கத் தோன்றவில்லை.

கலாவும், வீட்டுக்கு வந்திருந்த ஏழுமலையும் என் இரண்டு தோளுக்கும் மேலே எட்டிப் பார்த்துப் படித்தார்கள். கவிழ்த்து வைக்க நினைத்தேன், முடியவில்லை. கலா சிரித்துச் சிரித்து இருமினாள். கடைசி நான்கு பக்கங்கள் பழுப்புத் தாளில் மூடியிருந்தன. ஓரத்தில் மூன்று பின். செம்பு நிறம். எங்கே தேடி வாங்கினாளோ!

“நீங்களே பிரிங்க,” என்றாள் கலா.

பிரித்தேன். வசனமே இல்லாத நான்கு பக்கங்கள். அதே மண்டபம், அதே மேசை, அதே மூக்கு. ஆனால் செயின் இல்லை, ரெஜிஸ்டர் இல்லை. அந்த ஆள் எழுந்து நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் புத்தகத்தை விரித்துக் காட்டுகிறான். ஒருவரிடம் ஏதோ சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறான். கடைசிப் பக்கத்தில் முன்கை மட்டும் பெரிதாக. அதில் பச்சை குத்தியிருக்கிறது. திருவிழாவில் தொலைந்துபோன என் இரட்டைப் பிறவி.

யாரும் சிரிக்கவில்லை. கலா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ‘ஏழாவது மோட்டார்’ பிரதி ஒன்றை எடுத்து, பின்னையெல்லாம் நானே பிரித்து, அவள் கையில் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்தாள். “நல்லாத்தான் கீது. ரெட்டைப் பொறப்புதான் கொஞ்சம் ஓவரு,” என்றாள்.

குணம் போய்விட்டதா என்றால், எங்கே போகும்? இன்றைக்கும் காலிங் பெல் அடித்தால் கதவைச் சங்கிலியோடு இரண்டு விரல் அளவுக்குத் திறந்து, “யாரு? இன்னா விசயம்?” என்றுதான் ஆரம்பிக்கிறேன். உள்ளேயிருந்து கலாவின் குரல் வரும். போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் முன்னாலும் வந்தது.

“ஏங்க, நீங்க உள்ள வந்திடுங்க. திருவிழால தொலஞ்சி போன உங்க அண்ணன அனுப்புங்க.”